ஜாக் தாம்சன்: மூன்றாவதாகத் தேர்வான சமோவர் தோற்றவரா?

நீலத்திரை எழுதியது:

என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடர்; அதன் அணிகள் ஆண்டுதோறும் முறை வைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வுகளில் வீணாய்ப் போனவர்களைப் பட்டியலிடும் இழையில் 1979ஆம் ஆண்டுக்கு நேராக ஜாக் தாம்சன் பெயரை ஒரு நண்பர் சேர்த்திருந்தார். அங்கேயே மறுப்பு எழுதத் தொடங்கினேன். நீண்டுகொண்டே போனதால் தனி இழையாகத் திறந்துவிட்டேன்.

தாம்சன் 1956இல், பசிபிக் கடலில் உள்ள அமெரிக்க ஆட்சிப் பகுதியான அமெரிக்க சமோவாவின் துதுவிலா தீவில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்தது. நகரின் தெற்கே வைட் சென்டர் பகுதியில் இருந்த எவர்கிரீன் உயர்நிலைப் பள்ளியில் ஆடிப் பெயர் வாங்கி, மாநிலத்தின் மறுகோடியில் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் புல்மனுக்கு, அதாவது வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 1975 முதல் 1978 வரை அவர் ஆடிய நான்கு பருவங்களில் அணிக்கு நான்கு தலைமைப் பயிற்சியாளர்கள். ஜிம் ஸ்வீனி விலகினார். ஜாக்கி ஷெரில் ஓராண்டு இருந்துவிட்டு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வாரன் பவர்ஸ் ஓராண்டு இருந்துவிட்டு மிசோரிக்குப் போனார். கடைசியில் ஜிம் வால்டன் வந்தார். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு இது என்ன கொடுமை என்பது இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஆட்டத் திட்டங்களின் பெயர்கள், கைச்சைகைகள், காலடி எண்ணிக்கை என மனப்பாடம் செய்த அனைத்தையும் ஒவ்வோர் ஆண்டும் அழித்துவிட்டு முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் அவர் 7,818 யார்டுகள் எறிந்து, அன்றைய என்சிஏஏ (கல்லூரி விளையாட்டு அமைப்பு) வரலாற்றிலேயே அதிகத் தொலைவு எறிந்தவர் என்ற சாதனையோடு வெளியேறினார். கல்லூரி ஆட்டத்தின் ஆண்டுச் சிறந்த வீரருக்கான 1978 ஹைஸ்மன் கோப்பை வாக்கெடுப்பில் ஒன்பதாம் இடம் பெற்றார். அவருடைய 14ஆம் எண் சட்டையைப் பல்கலைக்கழகம் வேறு எவருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தது. அங்கே அப்படி ஓய்வு கொடுக்கப்பட்ட இன்னொரு எண் பழைய வீரர் மெல் ஹைனுடைய 7 மட்டுமே.

இப்படி ஒருவரை எந்த அளவுகோலால் தோற்றவர் என்று சொல்கிறோம்?

கடைசி ஓவர் எழுதியது:

பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்த்தவன் நான்தான் என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். என் அளவுகோல் மிக எளியது. ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்க அணி கொடுத்த விலை என்ன, அதற்குக் கிடைத்தது என்ன என்பதைத்தான் பார்க்கிறேன்.

1979இல் மொத்தப் பட்டியலிலும் மூன்றாவதாகச் சின்சினாட்டி பெங்கால்ஸ் தாம்சனைத் தேர்ந்தெடுத்தது. அவர் கென் ஆண்டர்சனுக்குப் பின்னால் மாற்று வீரராக உட்கார்ந்தார். ஆண்டர்சன் 1981இல் தொடரின் சிறந்த வீரரானார். அணி தொடரின் இறுதியாட்டமான சூப்பர் பவுல் வரை போனது. எதிரணியின் குவார்ட்டர்பேக் யார் என்று நினைவிருக்கிறதா? அதே 1979 தேர்வில் 82ஆவதாகப் போன ஜோ மான்டானா. சான் பிரான்சிஸ்கோ 26, சின்சினாட்டி 21. மூன்றாவதாக வந்தவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்க, எண்பத்திரண்டாவதாக வந்தவர் கோப்பையைத் தூக்கினார். பிறகு தாம்சன் தாம்பா பே அணிக்குப் போனார். 1983இல் அந்த அணி 2 ஆட்டம் வென்று 14 ஆட்டம் தோற்றது. அடுத்த ஆண்டோடு அவருடைய தொழில்முறை வாழ்க்கை முடிந்தது.

கல்லூரிக் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். 1976இல் 3 வெற்றி, 8 தோல்வி. 1978இல் 3 வெற்றி, 7 தோல்வி, ஒன்று சமன். நான்கு ஆண்டுகளில், பருவ முடிவில் நல்ல அணிகளை அழைக்கும் பவுல் ஆட்டம் ஒன்றுக்குக் கூட அணி போகவில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் அணி பந்தை அதிகம் எறியத்தான் செய்யும். யார்டுகள் குவிவது அதன் பக்கவிளைவு. மரியாதைக் குறைவாக எதையும் சொல்லவில்லை. எண்கள் இப்படித்தான் இருக்கின்றன.

தாழை எழுதியது:

இந்த ஆட்டத்தை அண்மையில்தான் பார்க்கத் தொடங்கியவள் நான். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, யாரை ஓடவிடுவது என்று மூன்று நான்கு நொடிகளுக்குள் முடிவெடுப்பவர் என்ற அளவில் புரிந்துகொண்டிருக்கிறேன். சமோவர் ஒருவர் அந்த இடத்தில் நின்றது ஏன் தனியாகச் சொல்லப்படுகிறது என்பதுதான் புரியவில்லை. யாராவது விளக்க முடியுமா?

இன்னொரு சிறு ஐயம். அமெரிக்க சமோவாவின் தலைநகரின் பெயரை ஆங்கில எழுத்துப்படி 'பாகோ பாகோ' என்று நான் படித்துக்கொண்டிருந்தேன். ஒளிபரப்பில் வேறு விதமாக உச்சரிக்கிறார்கள்.

நெடுவழி எழுதியது:

உச்சரிப்பை முதலில் முடித்துவிடுகிறேன். சமோவ மொழிக்கு ரோம எழுத்து அமைத்தவர்கள் 'ங' ஒலிக்கு 'ஜி' என்ற ஒற்றை எழுத்தைக் கொடுத்துவிட்டார்கள். எனவே அந்த ஊர் பாஙோ பாஙோ. அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆடிய குவார்ட்டர்பேக் டூவாவின் குடும்பப் பெயர் தஙோவைலோவா. நம் அரிச்சுவடியில் எழுதிப் பழகிய பிறகு ஆயுளுக்கும் பயன்படாமல் கிடக்கும் ஙோ, ஙா எல்லாம் அவர்களுக்கு அன்றாடப் புழக்கம். ஆங்கில வர்ணனையாளர்கள் திணறும் பெயர்களைத் தமிழில் பிசகில்லாமல் எழுத முடிகிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு.

இனி முதல் கேள்வி. துதுவிலாவின் மீது 1900இல் அமெரிக்கக் கொடி ஏறியது. 1951 வரை கடற்படைதான் ஆண்டது. அந்த ஆண்டு நிர்வாகம் உள்துறை அமைச்சகத்துக்கு மாறி, கடற்படைத் தளம் மூடப்பட்டபோது, தளத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அடுத்த ஆண்டே ஏறத்தாழ ஆயிரம் பேர் ஒரே கடற்படைக் கப்பலில் ஹவாய்க்குப் போனார்கள். அங்கிருந்து சான் டியேகோ, லாங் பீச், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில் என்று கடற்படைத் துறைமுகங்களின் வழியாகவே அந்தக் குடியேற்றம் படர்ந்தது. பிள்ளைகள் அமெரிக்கப் பள்ளிகளில் சேர்ந்தார்கள். அங்கே உடல்வாகைப் பார்த்ததும் பயிற்சியாளர்கள் அவர்களை முன்வரிசையில் நிறுத்தினார்கள். முட்டித் தள்ளுவது, தடுப்பது, வீழ்த்துவது ஆகியவையே 'சமோவர் இடம்' என்றாகிவிட்டது. என்எஃப்எல்லில் ஆடிய முதல் சமோவராகச் சொல்லப்படும் அல் லோலோதாய் 1945இல் தலைநகர் வாஷிங்டனின் அணியில் ஆடியதும் முன்வரிசையில்தான்.

குவார்ட்டர்பேக் இடம் அப்படியல்ல. அது 'மூளையின் இடம்' என்று கருதப்பட்டது. யாருக்கு மூளை உண்டு என்று முடிவெடுத்தவர்கள் யார் என்பது வேறு கதை. அந்த இடத்தில் துதுவிலாவில் பிறந்த ஒருவர் நான்கு ஆண்டுகள் நின்று, நாட்டின் எறிதல் சாதனையையும் கைப்பற்றினார் என்பதால்தான் நீலத்திரை தனி இழை திறந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பழஞ்சுவடி எழுதியது:

நெடுவழி 'வேறு கதை' என்று விட்டுவிட்ட இடத்தில் தொடர்கிறேன், ஏனென்றால் அது இங்கேயே, இதே மாநிலத்தில், இதே ஆண்டுகளில் நடந்த கதை.

தாம்சன் புல்மனில் எறிந்துகொண்டிருந்தபோது, சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக்காக இருந்தவர் வாரன் மூன். இரண்டும் பரம்பரைப் போட்டி அணிகள். ஆண்டுதோறும் ஆப்பிள் கப் ஆட்டத்தில் மோதிக்கொள்பவை. மூன் தன் அணியை 1978 ஜனவரியில் ரோஸ் பவுலுக்கு அழைத்துச் சென்று மிச்சிகனை 27-20 என வென்றார். அந்த ஆட்டத்தின் சிறந்த வீரரும் அவரே. அவர் கறுப்பினத்தவர். அந்த ஆண்டு என்எஃப்எல் தேர்வில் ஒரு சுற்றில்கூட அவரை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. கனடாவின் எட்மன்டனுக்குப் போய்க் கோப்பைகளைக் குவித்து, பிறகு ஹூஸ்டனுக்கு வந்து, கடைசியில் புகழ் மன்றத்தில் இடம்பிடித்தார்.

ஓராண்டு கழித்து, அணியைப் பவுல் ஆட்டத்துக்கே கொண்டு செல்லாத தாம்சன் மூன்றாவதாகத் தேர்வாகிறார். இதை அவர் மீதான குறையாகச் சொல்லவில்லை. பழுப்பு நிறத்தவர் ஒருவருக்குத் திறந்த கதவு, அதே மாநிலத்துக் கறுப்பினத்தவருக்குத் திறக்கவில்லை என்பதைத்தான் பதிவு செய்கிறேன். சமோவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று தேர்வாளர்களுக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. அந்தத் தெளிவின்மை தாம்சனுக்கு உதவியிருக்கலாம் என்பது என் ஊகம்.

கதை அதோடும் முடியவில்லை. 1983இல் தாம்பா பே ஏன் தாம்சனை வாங்கியது? அணியின் குவார்ட்டர்பேக் டக் வில்லியம்ஸ், அவரும் கறுப்பினத்தவர், சம்பளப் பேச்சுவார்த்தை முறிந்து வெளியேறிவிட்டார். அந்தக் காலியிடத்தை நிரப்பத்தான் தாம்சன் வரவழைக்கப்பட்டார். அணியைச் சிதைத்தது நிர்வாகத்தின் கஞ்சத்தனம். வில்லியம்ஸ் ஐந்தாண்டுகளுக்குள் தலைநகர் வாஷிங்டனின் அணிக்காக சூப்பர் பவுல் வென்று காட்டினார். ஆகவே 2-14 என்ற கணக்கைக் கடைசி ஓவர் முழுவதுமாகத் தாம்சன் தலையில் எழுதுவது நியாயமாகப் படவில்லை.

புல்மன்வாசி எழுதியது:

புல்மனில் இரண்டாண்டு படித்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

அந்த ஊரைப் பார்க்காதவர்களுக்கு அங்கே ஓர் ஆட்டக்காரர் சேர்வதன் பொருள் புரியாது. சியாட்டிலிலிருந்து மலைத்தொடரைத் தாண்டி ஐந்து மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். கடைசி ஒரு மணி நேரம் மடிப்பு மடிப்பாகக் கோதுமை மேடுகள் மட்டுமே தெரியும். ஜூலையில் பொன்னிறம், அக்டோபரில் உழுத மண்ணின் பழுப்பு, நவம்பரில் வெள்ளை. நவம்பர் ஆட்டங்களில் வீரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றினால் தலையிலிருந்து ஆவி பறக்கும். பார்வையாளர் வரிசையில் கையுறை போட்ட கைகளைத் தட்டுவதால் கைத்தட்டல் ஒலியே மந்தமாக, மூட்டையைத் தட்டுவது போலக் கேட்கும். அந்தக் குளிரில் பந்து கல்லாக இறுகிவிடும். அதைச் சுழலவிட்டு எறிவது எளிய வேலையல்ல.

தாம்சன் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். அரங்கம் 1972இல்தான் திறக்கப்பட்டிருந்தது. பழைய அரங்கத்தின் ஒரு பகுதி 1970இல் எரிந்துபோனது. அதனால் 'உள்ளூர் ஆட்டங்கள்' என்று பட்டியலில் இருப்பவற்றில் சிலவற்றை 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்போகேனில் ஆடினார்கள். சொந்த மைதானத்தில் ஆடுவதற்கே பேருந்து ஏற வேண்டிய அணி அது.

கடைசி ஓவர் 1976, 1978 கணக்குகளைக் காட்டினார். நடுவில் இருக்கும் 1977ஐ ஏன் விட்டார் என்று தெரியவில்லை. அந்தப் பருவத்தின் முதல் ஆட்டம் நெப்ராஸ்காவில், லிங்கன் நகரில். நெப்ராஸ்கா அன்று எவ்வளவு வலிமையான அணி என்பதை இங்குள்ள மூத்தவர்கள் சொல்வார்கள். புல்மன் அணியின் புதிய பயிற்சியாளர் வாரன் பவர்ஸ் அதற்கு முன்பு நெப்ராஸ்காவிலேயே துணைப் பயிற்சியாளராக இருந்தவர். முன்னாள் முதலாளியின் வீட்டுக்குப் போய் 19-10 என்று வென்று வந்தார்கள். அந்த ஆட்டத்தின் குவார்ட்டர்பேக் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் படித்த காலத்திலும், 1977 நடந்தபோது பிறந்திராத மாணவர்கள் அந்தக் கணக்கைச் சொல்வார்கள். ரோஸ் பவுல் போன ஆண்டுகளைச் சொல்வது போலவே சொல்வார்கள்.

கடைசி ஓவர் எழுதியது:

1977ஐ வேண்டுமென்றே விடவில்லை. ஆனால் விட்டது தவறுதான். தாம்பா பே பற்றிய பழஞ்சுவடியின் விளக்கத்தையும் ஏற்கிறேன்.

பவுல் ஆட்டம் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பார்த்தேன். 1931 ரோஸ் பவுலுக்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் அடுத்த பவுல் ஆட்டத்துக்குப் போனதே 1981 டிசம்பரில்தான். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு வறட்சியின் கடைசிப் பகுதியில் தாம்சன் ஆடியிருக்கிறார். அந்த வாதத்தை அப்படியே திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒன்றை இன்னும் ஏற்கவில்லை. அவர் வழிவகுத்தார், அவரால்தான் பின்னால் சமோவ வம்சாவளிக் குவார்ட்டர்பேக்குகளான மாரியோட்டா வந்தார், டூவா வந்தார் என்று அடுத்து யாராவது எழுதப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். 1978க்கும், மாரியோட்டா ஹைஸ்மன் வென்ற 2014க்கும் இடையே 36 ஆண்டுகள். ஒருவர் வழிவகுத்திருந்தால் அந்த வழியில் இத்தனை ஆண்டுகள் ஏன் கூட்டமில்லை?

நீலத்திரை எழுதியது:

நானே எழுதவிருந்த வரியை நீங்கள் முன்கூட்டியே மறித்துவிட்டீர்கள். ஆகவே வழிவகுத்தார் என்று சொல்லாமல், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மார்கஸ் மாரியோட்டாவின் தந்தை சமோவர். ஹோனலூலுவில் பிறந்து, அங்குள்ள செயின்ட் லூயிஸ் பள்ளியில் ஆடி, ஓரிகான் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2014இல் ஹைஸ்மன் கோப்பையை வென்றார். தாம்சன் ஒன்பதாம் இடத்தில் நின்ற அதே கோப்பை. மேடையில் அவர் பாலினேசிய இளைஞர்களை நோக்கிப் பேசிவிட்டு, 'ஃபாஅஃபெத்தாய் தெலே லாவா' என்று சமோவ மொழியில் நன்றி சொல்லி உரையை முடித்தார். அதே ஆண்டில்தான் பாலினேசியக் கால்பந்துப் புகழ் மன்றமும் தன் முதல் அணியைச் சேர்த்துக்கொண்டது; அதில் தாம்சன் இருந்தார்.

டூவா அதே செயின்ட் லூயிஸ் பள்ளியிலிருந்து அலபாமாவுக்குப் போனார். 2018 ஜனவரி 8ஆம் தேதி நடந்த தேசிய இறுதியாட்டத்தை நேரலையில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஜார்ஜியாவுக்கு எதிராக இடைவேளையில் அலபாமா 0-13 எனப் பின்தங்கியிருந்தது. முதன்மைக் குவார்ட்டர்பேக்கை உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவரான டூவாவைப் பயிற்சியாளர் நிக் சேபன் களமிறக்கினார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஜார்ஜியா மூன்று புள்ளி முன்னிலை எடுத்தபின், டூவா தன் முதல் முயற்சியிலேயே பந்தைப் பிடித்துக்கொண்டு தேவைக்கு மேல் பின்வாங்கி, 16 யார்டு இழந்து வீழ்த்தப்பட்டார். முன்னேற வேண்டியது பத்து யார்டு என்பது 26 யார்டு என்றானது. அடுத்த எறிதலில், வலப்புறம் ஒருமுறை பார்த்துத் தற்காப்பு வீரரை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு, இடது ஓரமாக ஓடிய டிவான்டா ஸ்மித்தின் கைகளில் 41 யார்டு தொலைவில் பந்தைப் போட்டார். 26-23, ஆட்டம் முடிந்தது. முந்தைய பிழைக்கும் இந்த எறிதலுக்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லை. பழைய தேர்வாளர்கள் எந்த 'மூளை' சமோவருக்கு வராது என்று நினைத்தார்களோ, அந்த மூளை தொலைக்காட்சியில் வேலை செய்ததைக் கோடிப்பேர் பார்த்தார்கள்.

36 ஆண்டு இடைவெளி உண்மைதான். அதற்குத் தாம்சனைக் காட்டிலும், பள்ளிப் பயிற்சியாளர்கள் பதின்மூன்று வயதுப் பையனை எந்த வரிசையில் நிறுத்தினார்கள் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். பதின்மூன்றில் முன்வரிசைக்குப் போனவன் பதினெட்டில் எறிபவனாக முடியாது.

நெடுவழி எழுதியது:

பெயர் பெற்றவர்கள் எல்லோரும் ஹவாயிலோ கலிபோர்னியாவிலோ வளர்ந்தவர்களாகவே வருகிறார்கள். தீவிலேயே வளர்ந்து, தாம்சன் ஆடிய அதே பல்கலைக்கழகத்தில் ஆடிய ஷலோம் லுவானியையும் இந்த இழையில் சேர்க்க விரும்புகிறேன்.

2011 நவம்பரில் அண்டை நாடான சமோவாவின் தலைநகர் அபியாவில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அமெரிக்க சமோவா டோங்காவை 2-1 என்று வென்றது. இது உதைபந்தாட்டக் கால்பந்து. 2001இல் ஆஸ்திரேலியாவிடம் 31-0 என்று தோற்ற அணியின் முதல் ஃபிஃபா வெற்றி அது. முதல் கோலை ராமின் ஓட் அடித்தார். இரண்டாவதை அடித்தவர் பதினேழு வயது லுவானி. அடுத்த ஆட்டத்தில் குக் தீவுகளுக்கு எதிராகவும் கோல் அடித்தார். அந்தப் பையன் அதன்பிறகு உதைபந்தை விட்டுவிட்டு, சான் பிரான்சிஸ்கோவின் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் அமெரிக்கக் கால்பந்து ஆடி, அங்கிருந்து புல்மனுக்குப் போய்ச் சேர்ந்தார். 2015 அக்டோபரில் ஓரிகானுக்கு எதிரான ஆட்டம் இரண்டாம் கூடுதல் நேரத்துக்குப் போனபோது, எதிரணி எறிந்த பந்தை இடைமறித்து 45-38 என்று முடித்துவைத்தவர் அவரே. 2017 தேர்வின் கடைசிச் சுற்றில், 221ஆவதாக ஓக்லாண்ட் அவரை எடுத்தது.

தாம்சன் மூன்று, லுவானி 221. இந்த எண்களில் இருவருடைய திறமை மட்டுமல்ல, வளர்ந்த இடமும் அடங்கியிருக்கிறது. தீவில் 2020 கணக்கெடுப்பின்படி 49,710 பேர். அங்கிருந்து ஒரு மாணவன் முதன்மைக் கல்லூரிப் பயிற்சியாளரின் கண்ணில் படுவது கடினம். அதனால்தான் இரண்டாண்டுக் கல்லூரி என்ற சுற்றுவழி. ஓரிகானில் ஆடி 2019இல் கல்லூரியின் சிறந்த முன்வரிசை வீரருக்கான அவுட்லண்ட் கோப்பையை வென்ற பெனே சூவெல் தீவில் பிறந்தவர்தான். ஆனால் குடும்பம் 2012இல் யூட்டாவுக்கு வந்துவிட்டது. அவரைப் பயிற்சியாளர்கள் தேடி வந்தது அங்கே. 2021இல் ஏழாவதாக டெட்ராய்ட் எடுத்தது.

இதே காரணத்தால், 2010இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் வந்து இன்றுவரை எல்லோரும் திருப்பிச் சொல்லும் 'சமோவக் குடும்பத்தில் பிறந்த பையனுக்கு என்எஃப்எல் வாய்ப்பு 56 மடங்கு' என்ற கணக்கை நான் ரசிப்பதில்லை. அது பிறப்பின் மகிமை போலக் கேட்கிறது. பதப்படுத்திய சூரை மீன் ஆலையையும் அரசாங்க வேலையையும் ராணுவத்தையும் விட்டால் வெளியேற வேறு வழி குறைவாக உள்ள இடத்தில், ஆட்டம் அந்த வழியாகிவிடுகிறது. 2009 செப்டம்பர் சுனாமிக்கு மறுநாளே அங்கிருந்த இரண்டு பெரிய ஆலைகளில் ஒன்று மூடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும்.

தாழை எழுதியது:

இந்த இழையில் எல்லோரும் புள்ளிகளையும் தேர்வு எண்களையும் பேசுகிறீர்கள். நான் டூவாவைத் தேடிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது 2022 செப்டம்பர் 29ஆம் தேதிக் காட்சி. பின்மண்டை தரையில் மோதியதும் அவருடைய கைவிரல்கள் முகத்துக்கு முன்னால் கோணலாக விறைத்து நின்றன. நான்கு நாளுக்கு முன்புதான் இன்னோர் ஆட்டத்தில் எழுந்து தள்ளாடியவர் அவர். அதை நான் இரண்டாவது முறை பார்க்கவில்லை. இந்த வெளியேறும் வழியின் விலை இதுவானால், வழி என்ற சொல்லே சரிதானா?

பழஞ்சுவடி எழுதியது:

தாழையின் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. சமோவ வீரர்களிலேயே மிகவும் போற்றப்பட்டவர் ஜூனியர் சேயாவ். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1990இல் ஐந்தாவதாகச் சான் டியேகோவால் எடுக்கப்பட்டு, இருபது பருவங்கள் தற்காப்பில் நின்றவர். 2012 மே மாதம் தன் 43ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய மூளையை ஆராய்ந்த தேசிய நல்வாழ்வு நிறுவனம், தொடர் அடிகளால் வரும் சிதைவு நோய் இருந்ததாக அடுத்த ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. 2015இல் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்ந்தபோது அவர் இல்லை.

முன்வரிசையிலும் தற்காப்பிலும் நிற்பவர்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமுறை தலையோடு தலை மோதுபவர்கள். நெடுவழி சொன்ன 'சமோவர் இடம்' என்பதை இந்தக் கண்ணோட்டத்திலும் பார்க்க வேண்டும். எந்த வரிசையில் நிறுத்துகிறார்கள் என்பது பெருமை பற்றிய கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. டூவாவுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் குவார்ட்டர்பேக் இடமும் பாதுகாப்பானதில்லை என்பது தெரிகிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, நடை தள்ளாடினாலே அன்றைக்கு மீண்டும் களமிறங்கக் கூடாது என்று விதியை மாற்றினார்கள். ஒருவர் விழுந்த பிறகு மாறிய விதி.

பணத்தைப் பற்றியும் ஒரு வரி. தாம்சன் காலத்தில் கல்லூரி வீரருக்குக் கிடைத்தது படிப்புச் செலவும் தங்குமிடமும் உணவும் மட்டுமே. 2021 ஜூலை முதல்தான் தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க என்சிஏஏ அனுமதித்தது. என்எஃப்எல்லில் நிலைக்காத ஒருவருக்குக் கல்லூரி ஆண்டுகளே உச்சம் என்றால், தாம்சன் தன் உச்சத்தை இலவசமாக ஆடியிருக்கிறார்.

புல்மன்வாசி எழுதியது:

இலவசமாக ஆடினார் என்பது சரி. பட்டப்பெயரைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்போகேன் நாளிதழின் பத்தியாளர் ஹாரி மிசில்டைன் அவருக்கு வைத்த பெயர் 'த்ரோயின் சமோவன்'. ஆங்கிலத்தில் ஈற்றொலி இயைந்து வருவதால் ஒட்டிக்கொண்டது. 'எறியும் சமோவர்' என்று தமிழில் சொன்னால் அந்த ஓசை போய்விடுகிறது, விளக்கம் மட்டும் மிஞ்சுகிறது. இனத்தைப் பெயராக்குவது சரியா என்று இன்று கேட்கலாம். ஆனால் சமோவர் என்றால் முட்டித் தள்ளுபவர் என்று நாடே நினைத்துக்கொண்டிருந்தபோது, 'எறியும்' என்ற வினையை அந்த இனப்பெயருக்கு முன்னால் ஓர் உள்ளூர்ப் பத்தியாளர் சேர்த்தார் என்பதையும் மறக்க முடியவில்லை.

கடைசி ஓவர் எழுதியது:

பட்டியலைத் திருத்திவிட்டேன். தாம்சன் பெயரை முழுவதும் நீக்கவில்லை. 'சின்சினாட்டியின் தவறான தேர்வு' என்று மாற்றியிருக்கிறேன். ஆண்டர்சன் நல்ல நிலையில் இருந்தபோது மூன்றாம் தேர்வை ஒரு குவார்ட்டர்பேக்குக்குச் செலவிட்டது அணியின் பிழை; அதற்கு அவர் என்ன செய்வார்?

திருத்தும்போது கண்ணில் பட்ட ஒன்றையும் எழுதிவைக்கிறேன். 1983இல் தாம்சனுக்கு ஈடாகத் தாம்பா பே தன் 1984 முதல் சுற்றுத் தேர்வைச் சின்சினாட்டிக்குக் கொடுத்தது. 2-14 என்று முடித்ததால் அந்தத் தேர்வு நாட்டிலேயே முதலாவதாகிவிட்டது. சின்சினாட்டி அதை நியூ இங்கிலாந்துக்கு விற்றது; அவர்கள் எர்விங் ஃப்ரையரை எடுத்தார்கள். ஆக, மூன்றாம் தேர்வாகச் செலவிட்டதை நான்கு ஆண்டு கழித்து முதல் தேர்வாகச் சின்சினாட்டி திரும்பப் பெற்றிருக்கிறது. என் சொந்த அளவுகோலின்படி, அதாவது கொடுத்த விலை, கிடைத்தது என்ற கணக்கின்படி, அந்த அணிக்கு நட்டமே இல்லை. நட்டக் கணக்கைத் தாம்பா பே பெயரில் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.